கெட்டது இக்னிஷன் ஸ்விட்ச்தானா? மாற்றுவதற்கு முன்பே உறுதி செய்வது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய, சாவி போட்டுத் திருப்புகிற கார். சில காலைகளில் சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு மூன்று தடவை திருப்பிய பிறகு செல்ஃப் எடுக்கிறது. சில நாட்களில் என்ஜின் பிடிக்கிறது, சாவியிலிருந்து கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. ஒருமுறை பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மீட்டரில் இருந்ததெல்லாம் ஒரு நொடி செத்துத் திரும்ப வந்தது. பேட்டரி என்கிறார் ஒருவர், செல்ஃப் மோட்டார் என்கிறார் இன்னொருவர், இக்னிஷன் ஸ்விட்ச் என்கிறார் மூன்றாமவர். ஸ்விட்சை நானே மாற்றலாமா, அதுவரை வண்டியை ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது வேறு: எதையும் வாங்குவதற்கு முன், கெட்டது ஸ்விட்ச்தான் என்று எப்படி உறுதி செய்வது? அதைச் செய்யாமல் கழற்றி எறியப்பட்ட நல்ல ஸ்விட்சுகளைக் கார் ஒயரிங் வேலையில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளுக்கும் ஒரே எடை கிடையாது. காலையில் செல்ஃப் எடுக்காமல் இருப்பதற்குக் குறைந்தது ஐந்தாறு காரணம் உண்டு. அதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. சாவியை விட்டதும் அணைவது, பள்ளத்தில் மீட்டர் சாவது, இவை இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் ஸ்விட்ச் மேல் சந்தேகம் வலுக்கிறது. அப்போதும் அது சந்தேகம்தான். வண்டியைத் தொடாமல் அதற்கு மேல் சொன்னால் அது ஜோசியம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இக்னிஷன் ஸ்விட்ச் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது பெரும்பாலான கார்களில் இரண்டு தனித்தனிப் பொருட்கள். சாவி நுழைகிற உலோகப் பூட்டு ஒன்று. அதற்குப் பின்னால், நான்கு முதல் ஏழெட்டு ஒயர் வரை வந்து சேரும் பிளாஸ்டிக் ஸ்விட்ச் இன்னொன்று. பூட்டைத் திருப்பினால் அதன் வால் ஸ்விட்சைச் சுழற்றுகிறது, அவ்வளவுதான். சாவி நுழையவே மறுப்பது, திரும்ப மறுப்பது, ஆன் நிலையில் இருக்கும்போதே கையோடு கழன்று வருவது எல்லாம் பூட்டின் தேய்மானம். (சாவி திரும்பவில்லை என்றால் முதலில் ஸ்டீயரிங்கை இடவலமாக ஆட்டிக்கொண்டே திருப்பிப் பாருங்கள். சக்கரம் எதிலாவது முட்டிக்கொண்டு நின்றிருந்தால் ஸ்டீயரிங் லாக் இறுகிப் பூட்டைப் பிடித்துக்கொள்ளும்.) சாவி வழக்கம்போல் திரும்பி, மின்சாரம் மட்டும் வந்து வந்து போவது பின்னால் இருக்கும் ஸ்விட்சின் கோளாறு. கெட்டது ஸ்விட்ச்தான் என்றால் உங்களுடையது இந்த இரண்டாவது வகை. இது நல்ல செய்தி, ஏனென்றால் ஸ்விட்சை மட்டும் மாற்றினால் சாவி மாறாது.

அந்த ஸ்விட்சுக்குள் நடப்பது எளிமையானதுதான். பேட்டரியிலிருந்து ஒரு தடித்த ஒயர் உள்ளே வருகிறது; சாவி எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து அந்த மின்சாரம் வெவ்வேறு ஒயர்களுக்குப் பிரிந்து போகிறது. அக்சஸரி நிலையில் ரேடியோ போன்றவை. ஆன் நிலையில் என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர், ஸ்பார்க் தரும் இக்னிஷன் காயில், மீட்டர், புளோயர் (ஏசி விசிறி). ஸ்டார்ட் நிலையில் செல்ஃபுக்கான ஒயர். ஐரோப்பிய வரைபடங்களில் உள்ளே வருவதற்கு 30, ஆனுக்கு 15, ஸ்டார்ட்டுக்கு 50 என்று எண் போட்டிருப்பார்கள். மற்ற கம்பெனிகள் எழுத்துகளால் குறிப்பார்கள். பல வண்டிகளில் ஆன் நிலைக்கே இரண்டு வெளியீடுகள் இருக்கும்: மீட்டர் ஒன்றில், காயிலோ புளோயரோ மற்றொன்றில். இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும். செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூறு, இருநூறு ஆம்பியர் இந்த ஸ்விட்ச் வழியாகப் போவதில்லை. அது பேட்டரியிலிருந்து தடித்த கேபிளில் நேராகப் போகிறது. ஸ்விட்ச் வழியாகப் போவது அந்தக் கேபிளை இணைக்கச் சொல்லும் கட்டளை மட்டும். நடுவில் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்ச்) இருந்தால் அந்தக் கட்டளைக்கு ஒரு ஆம்பியர்கூடத் தேவைப்படாது. ரிலே இல்லாத பழைய வண்டிகளில் சாலினாய்டு (செல்ஃப் மோட்டாரின் கேபிளை இணைக்கும் காந்த ஸ்விட்ச்) நேரடியாக இழுப்பதால் அந்தக் கணத்தில் பத்து, முப்பது ஆம்பியர் என்று போகும். அப்படிப்பட்ட ஸ்விட்சுகளின் தொடுமுனைகள் சீக்கிரம் கருகுகின்றன.

சரி, சோதனைக்கு வருவோம். பேட்டரியில் தொடங்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்ல சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான் மிச்சம். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையோ செல்ஃபையோ முதலில் பாருங்கள், ஸ்விட்சை விட்டுவிடுங்கள். இரண்டு டெர்மினலையும் கையால் திருகிப் பாருங்கள். கையால் அசைந்தால் அது லூஸ். எர்த் ஒயர் பாடியிலும் என்ஜினிலும் இறங்கும் இடங்களில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். இது சலிப்பான வேலைதான். ஆனால் ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று வரும் வண்டிகளில் கணிசமானவை இங்கேயே சரியாகிவிடுகின்றன.

அடுத்து, ஒரு கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை. செல்ஃப் எடுக்காத அந்தக் காலை மறுபடி வரும்போது பதறி நாலைந்து தடவை திருப்பாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, சாவியை ஸ்டார்ட்டில் பிடித்தபடி விளக்கையும் சத்தத்தையும் கவனியுங்கள். விளக்கு நன்றாக மங்கி, டிக்டிக்டிக் என்று சத்தம் அடுக்கடுக்காக வந்தால் மின்சாரம் போதவில்லை: பேட்டரி, டெர்மினல், எர்த். கனமாக ஒரே ஒரு டக் சத்தம் வந்து நின்றால் கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது. செல்ஃப் மோட்டாரிலோ அதன் கேபிளிலோதான் பிரச்சினை. விளக்கு மங்காமல், ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தால் கட்டளையே போகவில்லை. இந்த மூன்றாவது நிலையில்தான் இக்னிஷன் ஸ்விட்ச் சந்தேகப் பட்டியலில் வருகிறது. அப்போதும் அது தனியாக இல்லை. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் லீவர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருப்பதைச் சொல்லும் ஸ்விட்ச், மேனுவல் வண்டி சிலவற்றில் கிளட்ச் பெடலுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச், ஸ்டார்ட்டர் ரிலே, இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் வண்டி ஓடாமல் தடுக்கும் அமைப்பு) எல்லாமே இதே மௌனத்தைத் தரும். ஆட்டோமேட்டிக்கில் பார்க்குக்குப் பதிலாக நியூட்ரலில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அங்கே மட்டும் எடுத்தால் சந்தேகம் இக்னிஷன் ஸ்விட்சை விட்டு கியர் லீவர் ஸ்விட்ச் பக்கம் போகிறது. ரிலேயை, ஃபியூஸ் பெட்டியில் அதே எண் போட்ட இன்னொரு ரிலேயுடன் இடம் மாற்றிப் பார்க்கலாம். செலவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது அறிகுறி. எனக்கு இதுதான் முக்கியமானது. பல ஸ்விட்சுகளில் சாவி ஸ்டார்ட்டில் இருக்கும்போதும் ஆனில் இருக்கும்போதும் இக்னிஷனுக்கு மின்சாரம் தரும் தொடுமுனை வெவ்வேறு இடத்தில் போய் உட்காருகிறது. ஆன் இடம் கருகி, ஸ்டார்ட் இடம் நன்றாக இருந்தால், பிடித்திருக்கும் வரை என்ஜின் ஓடும், விட்டதும் செத்துவிடும். இதற்கு நேர்மாறானதும் உண்டு: செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது, சாவியை விடும் அந்தக் கணத்தில் டபக்கென்று பிடிக்கும். அப்படி இருந்தால் ஸ்டார்ட் நிலையில் இக்னிஷனுக்கு மின்சாரம் போகவில்லை என்று பொருள்.

ஆனால் விட்டதும் அணைவதை இம்மொபிலைசரும் செய்யும். சாவியில் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை என்றால் சில கார்கள் செல்ஃபையே தடுக்கும்; சில கார்கள் என்ஜினை ஓரிரு நொடி ஓடவிட்டு நிறுத்தும். இரண்டையும் பிரிக்க மீட்டரைப் பாருங்கள். இம்மொபிலைசர் நிறுத்தினால் மீட்டர் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும், சாவி படம் போட்ட விளக்கு மின்னும். ஸ்விட்ச் விட்டுப்போனால் பெரும்பாலும் மீட்டரும் சேர்ந்து இருண்டுபோகும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் மேலே சொன்னேனே, ஆன் நிலைக்கு இரண்டு வெளியீடு இருக்கும் வண்டியில் மீட்டர் இருக்கும் பக்கம் நன்றாகவும் காயில் இருக்கும் பக்கம் செத்தும் இருக்கலாம். மாற்றுச் சாவி இருந்தால் சில நாள் அதை வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். அதில் பிரச்சினையே வரவில்லை என்றால் விசாரணை சாவிப் பக்கம் போகிறது.

பள்ளத்தில் மீட்டர் செத்த விஷயத்திலும் இதே கணக்கு: எதெல்லாம் சேர்ந்து சாகிறது என்று பாருங்கள். ஹாரன், ஹஜார்ட் விளக்கு, உள்கூரை விளக்கு ஆகியவை அநேக கார்களில் சாவி வழியாகப் போகாமல் பேட்டரியிலிருந்து நேராக வருகின்றன. மீட்டர் சாகும் அதே நேரம் உள்கூரை விளக்கும் செத்தால் கோளாறு சாவிக்கு முன்னால், அதாவது பேட்டரி, மெயின் ஃபியூஸ், எர்த் பக்கம். உள்கூரை விளக்கு அசையாமல் எரிய, மீட்டரும் புளோயரும் மட்டும் சேர்ந்து செத்தால் கோளாறு சாவியிலும் அதற்குப் பின்னாலும். வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, என்ஜின் ஓடும்போது சாவியை நிலை மாறாமல் மெல்ல மேலும் கீழும் ஆட்டுங்கள். பிறகு சாவியைத் தொடாமல், ஸ்டீயரிங்குக்கு அடியில் கைவிட்டு ஒயர் கட்டை மட்டும் ஆட்டுங்கள். சாவியை ஆட்டும்போது மட்டும் மீட்டர் துடித்தால் ஸ்விட்ச். ஒயரை ஆட்டும்போது துடித்தால் கப்ளர், அதாவது ஒயர்கள் ஸ்விட்சில் செருகும் பிளாஸ்டிக் இணைப்பு. இரண்டிலும் ஒன்றும் நடக்கவில்லை என்பதால் ஸ்விட்ச் நல்லது என்று ஆகிவிடாது. இப்படி வந்து போகும் கோளாறு, பார்க்கும்போது ஒளிந்துகொள்ளும்.

இனி மல்டிமீட்டர். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்விட்சைக் கழற்றி மேஜையில் வைத்து, ஓம் நிலையில் அளந்து, தொடர்பு இருக்கிறது என்று பீப் சத்தம் கேட்டதும் நல்லது என்று முடிவு கட்டிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கருகிய தொடுமுனையில் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், அதன் வழியே 10 ஆம்பியர் போகும்போது 1 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 0.3 ஓம் என்றால் இழப்பு இன்னும் பெரிது. மிச்சம் இருக்கும் வோல்ட்டில் சாலினாய்டு அசையாமலே போகலாம். சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு முனைகளை ஒன்றோடொன்று சேர்த்தாலே 0.2, 0.3 ஓம் காட்டும். அதை வைத்து எப்படிப் பிடிப்பது? வோல்ட் அளப்பதிலும் இதே பொறி இருக்கிறது. சுமை (மின்சாரம் இழுக்கும் பொருள்) எதுவும் இல்லாத ஒயரில் மீட்டரை வைத்தால், அது இழுக்கும் மின்சாரம் அற்பம் என்பதால் கருகிய தொடுமுனை வழியாகவும் முழு 12 வோல்ட் காட்டும். ஓடாத குழாயில் அழுத்தம் பார்ப்பது போலத்தான். திறந்துவிட்டால்தான் அடைப்பு தெரியும்.

அதனால் சுமையோடு அளக்க வேண்டும். ஸ்டீயரிங்கின் அடி மூடியைக் கழற்றினால் ஸ்விட்சின் கப்ளர் தெரியும். அதைப் பிடுங்காதீர்கள். பின்பக்கத்திலிருந்து ஒயரை ஒட்டி மெல்லிய ஊசி முனை நுழைத்து அளக்கலாம். மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை போட்ட ஒயர் எதையும் தொட வேண்டாம். அது வழக்கமாக ஏர்பேக்குடையது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை உள்ளே வரும் ஒயரிலும், கறுப்பு முனையை ஆன் நிலையில் வெளியே போகும் ஒயரிலும் வையுங்கள். சாவியை ஆன் செய்து, புளோயரை முழு வேகத்தில் விடுங்கள். இப்போது மீட்டர் காட்டுவது அந்தத் தொடுமுனையில் தொலையும் வோல்ட். 0.1, 0.2 என்று இருந்தால் ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது. 0.5ஐத் தாண்டினால் அது போய்விட்டது. இடையில் இருந்தால் சாவியை ஆட்டி அளவு தாவுகிறதா என்று பாருங்கள். முழு 12 வோல்ட் காட்டினால் தொடர்பே இல்லை. ஆன் வெளியீடு இரண்டு இருந்தால் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். செல்ஃபுக்கு, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து சாலினாய்டின் சிறிய ஒயர் வரை, இன்னொருவர் சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்போது அளக்க வேண்டும், 0.5 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். எந்த ஒயர் எது என்பதற்கு உங்கள் மாடலின் ஒயரிங் வரைபடம் வேண்டும். நிறத்தை வைத்து யூகிக்காதீர்கள், ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் நிறம் மாறியிருக்கும்.

இந்த அளவு தப்பு என்று காட்டினால் மாற்றிவிடலாம், நீங்களே செய்யலாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஏர்பேக் அடங்க உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள், சில நிமிடங்கள்தான். பல கார்களில் ஸ்விட்ச் இரண்டு சிறிய ஸ்க்ரூவில் நிற்கிறது. பழையதைக் கழற்றும்போது சாவி எந்த நிலையில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, புதியதையும் அதே நிலைக்குத் திருப்பிப் பொருத்துங்கள். இல்லையென்றால் சாவி ஓரிடத்திலும் ஸ்விட்ச் ஓரிடத்திலும் நிற்கும். தலை உடைத்துவிடப்பட்ட, திருப்ப முடியாத போல்ட்டுகள் தெரிந்தால் அவை ஸ்டீயரிங் லாக்குடையவை. அவற்றைத் தொட வேண்டியிருந்தால் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ஸ்டீயரிங் வீலைக் கழற்றினால்தான் ஸ்விட்ச் வரும் என்ற அமைப்பிலும் அதையேதான் சொல்வேன்.

கப்ளரைக் கண்டிப்பாகப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால், உள்ளே இருக்கும் உலோகப் பின்களின் பிடி தளர்ந்துவிட்டது. புது ஸ்விட்சைப் பழைய கப்ளரில் செருகினால் சில மாதத்தில் அதுவும் அதே இடத்தில் கருகும். அப்புறம் ஸ்விட்ச் கம்பெனியைத் திட்டுவார்கள். கருகியதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும், அதைத் தேடுங்கள். யாராவது ஃபாக் லைட்டையோ பெரிய ஆம்ப்ளிஃபயரையோ சாவியின் ஆன் ஒயரிலிருந்தே கிள்ளி எடுத்திருப்பார்கள். அதை ரிலே போட்டு, தனி ஃபியூஸுடன் பேட்டரியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்ப்ரே அடித்தால் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சில நாள் ஓடும். கருகிப் பள்ளம் விழுந்த செம்பை எந்தத் திரவமும் நிரப்பாது. பூட்டு இறுக்கமாக இருந்தால் உலர்ந்த லூப்ரிகன்ட் கொஞ்சமாகப் போடலாம். எண்ணெய் ஊற்ற வேண்டாம், தூசியைக் கட்டிக்கொள்ளும். கிராஃபைட் தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஸ்விட்சுக்கு நேர் மேலே பூட்டு இருக்கும் அமைப்பில் நான் அதைத் தவிர்ப்பேன். இதில் பூட்டுக்காரர்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

இன்னொன்று. புதிய கார்கள் சிலவற்றில் சாவியைத் திருப்பினாலும் கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன சிக்னல்தான் போகிறது. கனமான மின்சாரமெல்லாம் ரிலேக்கள் வழியாக. அவற்றில் மேலே சொன்ன அளவுகள் அப்படியே பொருந்தாது, ஸ்கேனர் மாட்டி, சாவியின் எந்த நிலையைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது என்று பார்க்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் ஓடியது என்கிறீர்கள், அதனால் உங்களுடையது பழைய வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, அதுவரை ஓட்டலாமா என்ற கேள்வி. ஸ்டார்ட் ஆகாத கோளாறு மட்டும் என்றால் எரிச்சலோடு ஓட்டலாம் என்பேன். ஓடும்போது மீட்டர் செத்தது என்பதால் என் பதில், வேண்டாம். சாவி ஆன் நிலையிலிருந்து விட்டுப்போனால் என்ஜின் மட்டும் நிற்பதில்லை. பவர் ஸ்டீயரிங் போகும், ஏர்பேக் வேலை செய்யாமல் போகலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 2014ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான்: சாவியின் கனத்தாலோ, குலுங்கியதாலோ, முழங்கால் பட்டதாலோ ஸ்விட்ச் ஆனிலிருந்து அக்சஸரிக்கு நழுவியது. கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. அந்தக் கார்களுக்குச் சொல்லப்பட்ட உடனடி யோசனை, வளையத்தில் சாவியைத் தவிர வேறு எதையும் தொங்கவிடாதீர்கள் என்பது. உங்களுக்கும் அது இன்றே பொருந்தும். ஸ்விட்ச் பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் தீயும் வாசனை வந்தால், அல்லது அந்த இடம் தொட முடியாமல் சுட்டால், பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஸ்விட்சுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயத்துக்காகவே ஃபோர்டு 1996ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

வண்டியைச் சோதிக்கவோ சரிசெய்யவோ கொண்டுபோகும் வழியில் செத்துவிட்டால், சாவியை லாக் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஸ்டீயரிங் கனமாகும், ஆனால் திரும்பும். பிரேக் பூஸ்டரில் ஓரிரு மிதிக்கு வேண்டிய வேக்குவம் மிச்சமிருக்கும், அதனால் பெடலை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாகப் பிடியுங்கள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹஜார்ட் போட்டு, ஓரம் கட்டுங்கள். ஓரத்தில் இடம் இல்லாமல் வண்டி இன்னும் உருண்டுகொண்டிருந்தால், நியூட்ரலில் வைத்தபடியே சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி ஸ்டார்ட் செய்யலாம்.